கமலாபுரத்துக்கு இறங்கும் வழி: வாசகர் கேள்வி – பதில்

கமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்துக்கு மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கிய 2023 அக்டோபர் முதல், விமானப் பாதுகாப்பைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் செயற்கைக்கோள் வழிகாட்டலைப் பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஓமலூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்: ஐயா, சென்ற மார்கழியில் என் தம்பி சென்னையிலிருந்து வந்த விமானம், கமலாபுரத்துக்கு மேலே சுற்றிவிட்டு, பனிமூட்டம் என்று சொல்லிச் சென்னைக்கே திரும்பிவிட்டது. என் கைப்பேசியோ என் வீட்டு வாசலையே காட்டுகிறது. வானத்தில் இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் ஓடுபாதையைக் கண்டுபிடிக்க முடியாதா?

கைப்பேசி காட்டும் துல்லியம் வேறு. முன்னே எதுவும் தெரியாத நிலையில் எழுபது பேரை ஏற்றிக்கொண்டு இறங்குவதற்குத் தேவையான உறுதி வேறு. சேலத்தின் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தில் செல்லும்போது கைப்பேசியின் வழிகாட்டியைக் கவனித்துப் பாருங்கள். நீங்கள் பாலத்தின் மேல் போகிறீர்களா, அதன் அடியிலுள்ள சாலையில் போகிறீர்களா என்பதில் அது தடுமாறும். நம் கருவிக்குத் தென்படும் செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கின்றன. காலடிக்குக் கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. நாற்புறமும் செயற்கைக்கோள்கள் பரவியிருப்பதால் தரையில் நாம் நிற்கும் இடம் நன்றாகக் கிடைக்கிறது. மேலிருந்து மட்டுமே அளக்க முடிவதால் உயரம் அந்த அளவுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. சாலையில் போகிறவருக்கு இது ஒரு குறையே இல்லை. இறங்குகிற விமானத்துக்கோ உயரம்தான் எல்லாம்.

கைப்பேசி இன்னொன்றையும் செய்கிறது. கணக்கிட்ட இடம் சாலையை விட்டுச் சற்று விலகியிருந்தால், வரைபடத்தில் அருகிலுள்ள சாலைக்கு அதை இழுத்து வைத்துவிடுகிறது. தவறு நடந்ததே நமக்குத் தெரிவதில்லை. விமானத்தில் இப்படி ஒரு திருத்தத்தை அனுமதிக்க முடியாது. பத்து மீட்டர் பிழை இருப்பதைக் காட்டிலும், இருக்கும் பிழையைக் கருவி சொல்லாமல் விடுவதே விமானிக்கு ஆபத்து. ஆகவேதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள், துல்லியத்தோடு நிற்காமல், நம்பகத்துக்கும் கணக்கு வைத்திருக்கின்றன. செயற்கைக்கோளின் துணையோடு, உயர வழிகாட்டலும் பெற்று இறங்கும் முதல் நிலை நடைமுறையில், செங்குத்துப் பிழை 50 மீட்டரைத் தாண்டக்கூடும் என்றால் 10 வினாடிக்குள் விமானிக்கு எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும். எச்சரிக்கை இல்லாமல் அந்த எல்லை மீறப்படுவது ஏறத்தாழ 50 லட்சம் தரையிறக்கங்களில் ஒன்றுக்கு மேல் நேரக் கூடாது. வெறும் ஜி.பி.எஸ். சமிக்ஞையால் இந்த உறுதியைத் தர இயலாது.

அந்த உறுதியைத் தருவதற்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்ததே ககன். ஜம்மு முதல் திருவனந்தபுரம் வரை, ஜெய்சால்மர் முதல் திப்ருகர், போர்ட் பிளேர் வரை 15 இடங்களில், இருப்பிடம் மிகத் துல்லியமாக அளந்து வைக்கப்பட்ட தரை நிலையங்கள் இருக்கின்றன. தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவற்றுக்கு முன்பே தெரியுமாதலால், ஜி.பி.எஸ். சொல்வதில் எவ்வளவு பிழை என்பதை அவை ஒவ்வொரு கணமும் கண்டுகொள்கின்றன. பெங்களூருவிலுள்ள கட்டுப்பாட்டு மையம் அந்த அளவுகளையெல்லாம் சேர்த்துத் திருத்தச் செய்தியாக்குகிறது. எந்தச் செயற்கைக்கோளை நம்பக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்க்கிறது. அந்தச் செய்தி ஜிசாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் வழியாக, ஜி.பி.எஸ். அலைவரிசையிலேயே விமானத்துக்கு வருகிறது. 2013 டிசம்பரில் வழித்தடப் பயன்பாட்டுக்கும், 2015 ஏப்ரலில் உயர வழிகாட்டலுடன் கூடிய தரையிறக்கத்துக்கும் ககன் சான்று பெற்றது.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். மேகத்துக்குள் எந்த உயரம் வரை இறங்கலாம் என்பதை மூன்று சேர்ந்தே முடிவு செய்கின்றன: அந்த விமான நிலையத்துக்கென வடிவமைத்து, பறந்து சோதித்து வெளியிடப்பட்ட நடைமுறை, விமானத்திலுள்ள கருவி, விமானி பெற்றிருக்கும் பயிற்சியும் அனுமதியும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், மேலே நூறு செயற்கைக்கோள் இருந்தாலும் பயனில்லை. குறிப்பிட்ட உயரத்துக்கு வந்த பிறகும் ஓடுபாதை கண்ணில் படவில்லை என்றால் மேலேறித் திரும்புவதே விதி. உங்கள் தம்பியை ஏற்றி வந்த விமானி செய்தது முற்றிலும் சரி.

இதற்கு விடிவு உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ஓர் ஏ.டி.ஆர்.-72 விமானம் ககன் துணையோடு தரையிறங்கியது. இந்தியப் பயணிகள் விமான நிறுவனம் ஒன்று அப்படி இறங்கியது அதுவே முதல் முறை. சேலத்துக்கு வருவதும் அதே வகை விமானம்தான். இறங்கும் விமானத்துக்கு வானொலி அலையால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். என்னும் தரைக் கருவியை ஒவ்வோர் ஓடுபாதைக்கும் தனித்தனியே நிறுவிப் பராமரிப்பது பெருஞ்செலவு. ககன் வழி இறக்கத்துக்கு ஓடுபாதையின் ஓரத்தில் எந்த ஆண்டெனாவும் வேண்டியதில்லை. சுற்றிலுமுள்ள தடைகள் இடம் கொடுத்தால், ஓடுபாதை மட்டத்திலிருந்து சுமார் 250 அடி வரை வழிகாட்டல் கிடைக்கும். 1,800 மீட்டரளவே ஓடுபாதை உள்ள நம் ஊர் போன்ற சிறு விமான நிலையங்களுக்கென்றே அமைந்த ஏற்பாடு இது என்பது என் உறுதியான கருத்து. 2021 சூலை 1-க்குப் பின் இந்தியாவில் பதிவாகும் விமானங்களில் ககன் கருவி இருக்க வேண்டும் என்று விதித்ததன் பலன், சிறு விமான நிலையங்களுக்கு நடைமுறைகளை விரைந்து வெளியிட்டால்தான் மக்களுக்கு வந்து சேரும். நம் மக்கள் பிரதிநிதிகள் புதிய ஊர்களுக்கு விமானம் கேட்கும்போது, இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஏற்காடு, நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர்: மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் பத்தடிக்கு அப்பால் இருக்கும் சவுக்கு மரம்கூடத் தெரிவதில்லை. அப்படிப்பட்ட நாளில் விமானச் சத்தம் மட்டும் கேட்கிறது. இந்த மலை இங்கே இருக்கிறது என்பது விமானிக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கவலை நியாயமானது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர், அதாவது 5,300 அடிக்கும் மேல். கமலாபுரம் ஓடுபாதையோ ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே. விமானத்துக்கு அது மூன்று, நான்கு நிமிடத் தொலைவு.

முதல் காவல், காகிதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு விமான நிலையத்தையும் சுற்றி 25 கடல் மைல், அதாவது 46 கிலோமீட்டர் வட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறைந்தபட்ச உயரம் வகுத்திருக்கிறார்கள். அப்பகுதியின் மிக உயர்ந்த இடத்துக்கு மேல் குறைந்தது 300 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மலைப்பாங்கான இடங்களில் அதை 600 மீட்டர் வரை உயர்த்தலாம். மேகத்துக்குள் வரும் விமானம், இறங்குவதற்கென வகுத்த பாதையில் சேரும் வரை அந்த உயரத்துக்குக் கீழே வரக் கூடாது. ஆகவே உங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கும் விமானம், உங்கள் மலைக்கு மேல் நல்ல இடைவெளி விட்டே போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் இந்தக் காவல், தான் எங்கே இருக்கிறோம் என்று விமானி சரியாக அறிந்திருக்கும் வரையில்தான் பயன்படும். 1966 சனவரி 24 அன்று ஹோமி பாபா பயணம் செய்த ஏர் இந்தியா போயிங் 707, ஜெனீவாவை நோக்கி இறங்கும்போது மோன் பிளாங்க் மலையில் மோதி 117 பேரும் இறந்தார்கள். திசை காட்டும் வானொலிக் கருவிகளில் ஒன்று பழுதாகியிருந்தது. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி எண்ணியிருந்தார். தரைக் கட்டுப்பாட்டாளர் அவர் இருக்குமிடத்தைச் சொன்னபோதும் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டதில் பிசகு நேர்ந்தது. விமானத்தில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. நல்ல நிலையிலுள்ள விமானம், தெரியாமல் மலையில் மோதும் இவ்வகை விபத்து, நெடுங்காலம் பயணிகள் விமானத் துறையின் பெரும் சாபமாக இருந்தது.

அதைக் குறைத்ததில் கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மனுக்கு உள்ள பங்கு பெரிது. தொடக்கத்தில் வந்த எச்சரிக்கைக் கருவி விமானத்துக்கு நேர் கீழே மட்டுமே பார்த்தது. நம் அடிவாரத்திலிருந்து மலை எப்படிச் செங்குத்தாக எழுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கீழே மட்டும் பார்க்கும் கருவிக்கு மலை தெரியும்போது நேரம் கடந்திருக்கும். பேட்மன் குழுவினர் உலகின் நில உயரங்களையெல்லாம் கருவியின் நினைவகத்தில் ஏற்றி, செயற்கைக்கோள் தரும் இருப்பிடத்தோடு பொருத்தினார்கள். இப்போது கருவி முன்னால் வரப்போகும் மலையையும் பார்க்கிறது. மோதல் நேரும் முன்பே குரல் கொடுத்து மேலேறச் சொல்கிறது. சேர்வராயன் மலையின் ஏற்ற இறக்கங்களும் அந்தத் தரவில் இருக்கின்றன.

சேலத்தில் இயற்பியல் பயிலும் கல்லூரி மாணவி ஒருவர்: ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் அமைப்பு என்று படித்தேன். ஒரு நாட்டு ராணுவத்தின் கருவியை நம்பி உலக விமானங்கள் எப்படிப் பறக்கின்றன? நாளை அதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் 1990-களில் சர்வதேச மாநாடுகளில் நாட்டுப் பிரதிநிதிகளும் கேட்டார்கள்.

கதை ஒரு துயரத்திலிருந்து தொடங்குகிறது. 1983 செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் பறந்த கொரிய போயிங் 747 விமானம் தன் பாதையை விட்டுச் சில நூறு கிலோமீட்டர் விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. தானியங்கி ஓட்டக் கருவி, வகுத்த பாதையைப் பின்பற்றும் நிலையில் இல்லாமல், ஒரே திசைமுகமாகச் செல்லும் நிலையில் விடப்பட்டிருந்ததைப் பின்னர் நடந்த விசாரணை காட்டியது. விமானிகள் கடைசி வரை அதை உணரவில்லை. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தார்கள். இரு வாரங்களில், ஜி.பி.எஸ். முழுமை பெற்றதும் அதை உலகச் சிவில் விமானங்களுக்குத் திறந்துவிடுவதாக அமெரிக்க வெள்ளை மாளிகை அறிவித்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞை அதற்கு முன்பே அந்த அமைப்பின் வடிவமைப்பில் இருந்தது; ஆனால் உலகுக்கு முன் கொடுத்த வாக்கு என்ற வகையில் அந்த அறிவிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. அதே ஆண்டில்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, செயற்கைக்கோள் சார்ந்த எதிர்கால வழிகாட்டலை ஆராயத் தனிக் குழு அமைத்தது. பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை 1984-இல் உறுப்பு நாடுகள் சிகாகோ உடன்படிக்கையில் சேர்த்தன. போதிய நாடுகள் ஏற்று அது நடைமுறைக்கு வர 1998 அக்டோபர் ஆயிற்று.

பகைமை உச்சத்தில் இருந்த அந்தக் காலத்திலும், விண்வெளியில் ஒரு கூட்டு முயற்சி நடந்துகொண்டிருந்ததை நீங்கள் அறிய வேண்டும். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்சு ஆகிய நான்கும் 1979-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆபத்தில் சிக்கிய விமானங்களும் கப்பல்களும் எழுப்பும் அபாய ஒலியைச் செயற்கைக்கோள் மூலம் பிடிக்கும் காஸ்பாஸ்–சார்சாட் அமைப்பை உருவாக்கின. 1982 செப்டம்பரில் கனடாவின் மலைக்காட்டில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூவரை, சோவியத் செயற்கைக்கோள் பிடித்த ஒலியைக் கொண்டு மீட்டார்கள். கொரிய விமானம் வீழ்த்தப்பட்டதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் நடந்தது இது. இன்று அந்த அமைப்பில் இந்தியாவும் இருக்கிறது. நம் பகுதிக்கான மையம் பெங்களூருவில் இஸ்ரோ வளாகத்தில் இயங்குகிறது.

வாக்குறுதி எழுத்து வடிவம் பெற்றது 1994-இல். நேரடிக் கட்டணம் ஏதுமின்றி ஜி.பி.எஸ். சேவையைத் தருவதாக அமெரிக்கா சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புக்கு எழுதிக் கொடுத்தது. 1996-இல் ரஷ்யா தன் குளோனாஸ் அமைப்பைக் குறித்து அதே உறுதியை அளித்தது. ஆனாலும் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து கொண்டிருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில்தான் அதை நிறுத்தினார்கள். 2007-இல், புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்களில் பிழை கலக்கும் அந்த வசதியையே வைக்கப் போவதில்லை என்றும் அறிவித்தார்கள்.

நாளை நிறுத்திவிட்டால் என்ற உங்கள் அச்சத்துக்கு, எவருடைய நல்லெண்ணத்தையும் மட்டும் நம்பிப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. இன்று ஜி.பி.எஸ்., குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ என உலகம் முழுவதையும் தழுவும் அமைப்புகள் நான்கு இருக்கின்றன. இந்தியாவின் நாவிக், நம் நாட்டையும் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் தழுவுகிறது. அமெரிக்காவின் வாஸ், ஐரோப்பாவின் எக்னாஸ், சப்பானின் எம்சாஸ், நம் ககன் ஆகிய திருத்த அமைப்புகள் ஒரே பன்னாட்டுத் தரத்தில் கட்டப்பட்டவை; ஆகவே சப்பானில் திருத்தத்தைப் பெறும் விமானக் கருவியே இந்திய வான்வெளிக்குள் வந்ததும் ககனின் பேச்சைக் கேட்கும். ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அவர் மனம் மாறும்போது எல்லாரும் தவிக்க வேண்டும். பலர் கையில் இருந்து, எல்லாரும் ஒரே மொழி பேசினால், ஒருவர் விலகினாலும் விமானம் வழி தவறாது. பாதுகாப்பு என்று நான் எண்ணுவது இந்த ஏற்பாட்டைத்தான்.

மேட்டூர் அணை வாசகர் ஒருவர்: மலேசிய விமானம் காணாமற்போய் இத்தனை ஆண்டாகியும் கிடைக்கவில்லையே? செயற்கைக்கோள் ஏன் உதவவில்லை?

2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த அந்த விமானத்துக்குத் தன் இருப்பிடம் தெரிந்திருந்தது. பிறருக்கு அதைச் சொல்லும் தொடர்புதான் அறுந்துபோயிற்று. செயற்கைக்கோள் வழிகாட்டல் விமானத்துக்கு இடத்தைச் சொல்லுமே தவிர, விமானத்தின் இடத்தை உலகுக்குச் சொல்லாது. பின்னது தனி ஏற்பாடு. அந்தத் துயரத்துக்குப் பின், 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது இருப்பிடம் தெரிய வேண்டும் என்ற விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. விமானங்கள் ஒலிபரப்பும் இருப்பிடச் செய்தியைப் பெருங்கடல்களின் மேலும் செயற்கைக்கோள்கள் 2019 முதல் பிடித்துத் தருகின்றன. விமானத்திலுள்ள ஒலிபரப்புக் கருவி நின்றுபோனால் இதுவும் நின்றுபோகும் என்பதால், 2024 சனவரி முதல் புதிதாகத் தகுதிச் சான்று பெறும் 27 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களில், ஆபத்து நேரும்போது நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே இருப்பிடம் அனுப்பும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள்.

ஆத்தூர் வாசகி ஒருவர்: நாம் கொடுக்கும் பயணச்சீட்டுப் பணத்தில் ஜி.பி.எஸ்.ஸுக்காக அமெரிக்காவுக்குப் பங்கு போகிறதா?

போவதில்லை. ககன் சமிக்ஞையைப் பெறுவதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. 774 கோடி ரூபாய்ச் செலவில் நம் வரிப்பணத்தில் உருவானது அது. கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பவும் ககன் செய்தியைச் சுமக்கும் செயற்கைக்கோள் பயன்படுகிறது.

அயோத்தியாப்பட்டணத்து மின்னணுப் பழுதுபார்ப்பாளர் ஒருவர்: அமெரிக்காவும் ஐரோப்பாவும் திருத்த அமைப்பு வைத்திருக்கும்போது அதையே வாங்கி வைத்துக்கொள்ளாமல், நாம் தனியாக ஆராய்ச்சி செய்ய வேண்டிய தேவை என்ன?

நம் தலைக்கு மேலிருக்கும் வானம் அவர்களுடையதைப் போன்றதன்று. ஜி.பி.எஸ். கணக்கு முழுவதும் நேரத்தை நம்பியது. சமிக்ஞை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒளியின் வேகத்தில் வருகிறது; ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இருப்பிடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். வழியில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற அயனிமண்டலம் அந்தச் சமிக்ஞையைத் தாமதிக்கச் செய்கிறது. திருத்த அமைப்பின் பெரும் வேலை இந்தத் தாமதத்தை அளந்து சொல்வதுதான்.

பூமியின் காந்தப்புலத்துக்கு நடுக்கோடாக அமையும் காந்த நடுக்கோடு நம் தென்முனைக்கு அருகே செல்கிறது. 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்குக் காரணமும் அதுவே. அக்கோட்டின் மேல் பகலில் மின்துகள்கள் உயரத் தூக்கப்பட்டு, இருபுறமும் சாய்ந்து விழுகின்றன. வடக்கே அவை சேரும் இடம் குஜராத், மத்தியப் பிரதேசம், வங்காளம் ஆகியவற்றின் மேல் அமைகிறது. அங்கே அயனிமண்டலம் அடர்ந்தும், சில நூறு கிலோமீட்டருக்குள் பெரிதும் மாறியும் இருக்கிறது. சூரியன் மறைந்த பின், அதிலும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, அந்த மண்டலத்தில் குமிழிகள்போல் வெற்றிடங்கள் எழுந்து சமிக்ஞையைச் சிமிட்டச் செய்கின்றன. சில நேரம் கருவி ஒரு செயற்கைக்கோளின் பிடியை அறவே இழந்துவிடுகிறது. அமெரிக்க, ஐரோப்பிய வானத்துக்கு வகுத்த கணக்கு இங்கே செல்லாது. அதனால்தான் இஸ்ரோ, அயனிமண்டலத்தைப் பல அடுக்காகக் கொள்ளும் தனிக் கணக்கு முறையை உருவாக்கியது. நிலநடுக்கோட்டுப் பகுதி வானத்தில் இத்தகைய சான்று பெற்ற முதல் அமைப்பு ககன். நம்மைப் போன்ற வானத்தின் கீழ் வாழும் ஆப்பிரிக்க, தென்கிழக்காசிய, தென் அமெரிக்க நாடுகளுக்கு இந்த அனுபவம் நேரடியாகப் பயன்படும். அதை அவர்களோடு தாராளமாகப் பகிர்வது நம் கடமை என்றே கருதுகிறேன். இனி வரும் கருவிகள் இரண்டு அலைவரிசைகளைப் பெறும். தாமதம் அலைவரிசைக்கேற்ப மாறுவதால், இரண்டையும் ஒப்பிட்டுக் கருவியே தாமதத்தைக் கண்டுகொள்ளும். சிமிட்டல் மட்டும் அப்போதும் இருக்கும்.

சூரமங்கலத்துத் தாய் ஒருவர்: என் மகன் வளைகுடாவில் வேலை செய்கிறான். அந்தப் பக்கத்தில் பொய்யான ஜி.பி.எஸ். சமிக்ஞை அனுப்பி விமானங்களைத் திசைதிருப்புகிறார்கள் என்று செய்தியில் படித்தது முதல், அவன் விமானம் ஏறும் இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

அம்மா, நீங்கள் படித்த செய்தி உண்மை. ஆனால் அதனாலேயே விமானம் வழிதவறிப் போய்விடாது. இரண்டையும் விளக்குகிறேன்.

செயற்கைக்கோள் சமிக்ஞை நம்மை வந்தடையும்போது நம்ப முடியாத அளவுக்கு மெலிந்திருக்கும். ஒரு வாட் மின்திறனை ஒரு கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மறுபடி ஒரு கோடியாகப் பங்கிட்டு, அதிலும் நூற்றில் ஒரு பங்கு எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவே. தரையிலிருந்து அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பினால் அது மூழ்கிவிடும்; அது போலவே இருக்கும் பொய்ச் சமிக்ஞையை அனுப்பினால் கருவி வேறிடத்தைக் காட்டும். போர் நடக்கும் பகுதிகளில் டிரோன்களையும் ஏவுகணைகளையும் தடுக்க ராணுவங்கள் இதைச் செய்கின்றன. வழியே போகும் பயணிகள் விமானமும் அதில் சிக்குகிறது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில், இப்படிப்பட்ட 465 நிகழ்வுகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 நவம்பரில் டெல்லியில் இறங்க வந்த விமானங்களுக்கும் இது நேர்ந்தது. மாற்று நடைமுறையில் அவை பாதுகாப்பாக இறங்கின.

பெரிய விமானங்களில் செயற்கைக்கோளை நம்பாத கருவிகளும் இருக்கின்றன. விமானத்தின் ஒவ்வோர் அசைவையும் உள்ளிருந்தே அளந்து இருப்பிடத்தைக் கணக்கிடும் கருவி பொதுவாக மூன்று இருக்கும். அதை எந்த வானொலி அலையும் ஏமாற்ற முடியாது. மணிக்கு ஓரிரு கடல் மைல் அளவுக்கு அது மெல்ல விலகும். தரையிலுள்ள தொலைவு காட்டும் நிலையங்கள் அந்த விலகலைச் சரிசெய்யும். சென்னை, திருச்சி, கோவை போன்ற இடங்களில் ஐ.எல்.எஸ். இருப்பதால், ஜி.பி.எஸ். இல்லாமலேயே இறங்கலாம். விமானிகளுக்கு இதற்கெனப் பயிற்சியும் அறிவுரையும் தரப்படுகின்றன. உங்கள் மகனின் விமானம் வளைகுடாவைக் கடக்கும் இரவுகளில், இந்தச் சூழலை முன்பே அறிந்து ஆயத்தமாக இருப்பவர்களே ஓட்டுகிறார்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. பொய் இருப்பிடத்தை நம்பிய மலை எச்சரிக்கைக் கருவி, நடுவானில் காரணமில்லாமல் மேலேறு என்று கூவுகிறது. இப்படிப் பலமுறை பொய்யாகக் கேட்ட விமானி, மெய்யாகவே மலை எதிரே வரும் நாளில் ஒரு கணம் தயங்கினால் என்ன ஆகும்? அந்த ஒரு கணத்தைக் காப்பதற்காகவே அந்தக் கருவி உருவானது.

ஆகவே, செயற்கைக்கோள் வந்துவிட்டது என்று பழைய தரை நிலையங்களை அகற்றும் போக்கை நான் ஏற்பதில்லை. எஸ்தோனியாவின் தார்த்து நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இறங்கும் நடைமுறை ஜி.பி.எஸ்.ஸை மட்டுமே நம்பியிருந்தது. சமிக்ஞைத் தொந்தரவு மிகுந்ததால், ஹெல்சிங்கியிலிருந்து வந்துகொண்டிருந்த விமானச் சேவை 2024 ஏப்ரல் இறுதியில் நிறுத்தப்பட்டது. தரை நிலையத்தைக் கொண்டு இறங்கும் மாற்று நடைமுறை ஒன்றை ஏற்பாடு செய்த பிறகே சூன் மாதத்தில் விமானம் மீண்டும் வந்தது. 2025 மார்ச்சில் சர்வதேசச் சிவில் விமான அமைப்பும், தொலைத்தொடர்பு ஒன்றியமும், கடல்சார் அமைப்பும் கூட்டாக அறிக்கை விட்டு, வழக்கமான தரைக் கருவிகளைப் போதிய அளவில் வைத்திருக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டன. நம் நாட்டிலும் அது பின்பற்றப்பட வேண்டும்.

சங்ககிரி லாரி உரிமையாளர் ஒருவர்: வண்டியில் நாங்கள் பொருத்தும் ஜி.பி.எஸ்.ஸை முடக்க, சார்ஜர் துளையில் செருகும் விரல் நீளக் கருவியைச் சில ஓட்டுநர்கள் வைத்திருக்கிறார்கள். இதனால் விமானத்துக்கும் கெடுதல் உண்டா?

உண்டு. மேலே சொன்ன மெலிந்த சமிக்ஞையை முடக்க அந்த விரல் நீளக் கருவியே போதும். அது உங்கள் வண்டியோடு நிற்பதுமில்லை. அமெரிக்காவின் நூவர்க் விமான நிலையத்தில், தரையிறங்க உதவும் புதிய செயற்கைக்கோள் திருத்தக் கருவியை 2009 இறுதியில் நிறுவியபோது, அது இடையிடையே நின்று நின்று இயங்கியது. பக்கத்து நெடுஞ்சாலையில் போன வண்டிகளிலிருந்த இத்தகைய முடக்கிகளே காரணம் என்று பின்னர் தெரிந்தது. 2012 ஆகஸ்டில் பிடிபட்ட ஓர் ஓட்டுநர், தான் போகுமிடம் முதலாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அதை வைத்திருந்தார். விமான நிலையம் அவர் நினைவிலேயே இல்லை. அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்க அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் முடிவு செய்தது.

பெங்களூரு நெடுஞ்சாலை கமலாபுரத்துக்கு அருகில்தான் போகிறது. உங்கள் வண்டிகள் இரவும் பகலும் அவ்வழியே போகின்றன. அரசின் அனுமதி இல்லாமல் இத்தகைய முடக்கியைத் தனியார் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஓட்டுநர் அதை வாங்கக் காரணம் பெரும்பாலும் வாடகைக் கணக்கிலோ ஓய்வு நேரத்திலோ உள்ள மனத்தாங்கலாக இருக்கும். அதைப் பேசித் தீர்த்து, கருவியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தொப்பூர்ப் பக்கம் போகும் வண்டிகளை முதலில் பாருங்கள்.